ரூம் கதை எடுத்த கதை

கலர் ஜெராக்ஸ் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்ச புள்ளையாத் தெரியுறீங்க தம்பி. நோட்டைப் போய் ஜெராக்ஸ் கேக்கலாமா?" பக்கத்தில் ஆதார் கார்டை லேமினேட் செய்ய நின்றிருந்த அம்மா, தன் கார்டை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். நான் போனில் வைத்திருந்தது ஒரு இரண்டாயிரம் ரூபாய் நோட்டின் படம். செலவழிக்க இல்லை. ஒரு நடிகனின் சட்டைப் பையிலிருந்து அது கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும்.

இது நடந்தது 2024 மே மாதம். பழைய ரூம்மேட்களை வைத்து நாங்கள் எடுத்த வெப் சீரிஸின் மூன்றாவது எபிசோடு 2016 நவம்பரில் நடக்கிறது. 500, 1000 செல்லாது என்று அறிவித்த பிறகு, ஏ.டி.எம்.மில் ஒரு கார்டுக்கு நாளைக்கு இரண்டாயிரம் சொச்சம்தான். வரிசையில் நின்று எடுத்தால் வருவது ஒற்றை நோட்டு. அதற்குச் சில்லறை தர ஊரில் ஆளில்லை. நான்கு பேர், ஒரு நோட்டு, கீழே வாடகையை நூறு ரூபாய்த் தாள்களாகக் கேட்கும் ஹவுஸ் ஓனர். எழுதும்போது கைகொட்டிச் சிரித்தோம். எடுக்கப் போனபோதுதான் உறைத்தது: அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி 2023 மே 19 அன்று அறிவித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் யாரிடமும் ஒன்றுகூட இல்லை. நோட்டைப் போல அச்சடிப்பதே குற்றம் என்பதும் ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஒரு காதுகுத்துப் பத்திரிகை. அதன் உறை கிட்டத்தட்ட அதே ரோஸ் நிறம். நோட்டு அளவுக்கு வெட்டி, மடித்து, ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி பையில் செருகினோம். கேமரா அதன் மேல் இரண்டு விநாடிக்கு மேல் நிற்கவில்லை. பழைய காலம் என்றால் பேருந்தும் போஸ்டரும்தான் தொல்லை என்று நினைத்திருந்தோம். எட்டு வருடத்துக்கு முந்தைய கதைக்கே இந்தப் பாடு. ஸ்கிரிப்ட் முடிந்ததும் அதில் வரும் சாமான்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, இன்றைக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று டிக் அடித்துவிடுங்கள். நாங்கள் அதை ஷூட்டிங்குக்கு நான்கு நாள் முன்னால் செய்தோம்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

நான் சென்னைக்கு வந்தது 2012-ல். அப்போதிலிருந்து 2019 வரை நான்கு இடங்களில், மொத்தம் பதினோரு பேரோடு தங்கியிருக்கிறேன். முதலில் திருவல்லிக்கேணி மேன்ஷன். கட்டிலை விட்டு இறங்கினால் அடுத்தவன் கட்டில். பாத்ரூம் வராந்தாவின் கோடியில். சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால் சிக்ஸர் சத்தம் முதலில் ஜன்னல் வழியாக வரும், அப்புறம்தான் டிவியில். பிறகு சைதாப்பேட்டையில் மாடி போர்ஷன். பிறகு வேளச்சேரி. கடைசியாக மேடவாக்கம், ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அந்த 2019 கோடை வரைக்கும்.

இத்தனை பேரைப் பார்த்தவனுக்குக் கதைக்கா பஞ்சம் என்று உட்கார்ந்தேன். ஆளாளுக்கு ஒரு தலைப்பு: குறட்டை, கஞ்சன், சாமியார், பாட்டுக்காரன். நாற்பது பக்கம் ஓடியது. அதைக் கேமரா எடுக்கப்போகும் நண்பனிடம் படித்துக் காட்டினேன். அவன் எங்கள் ரூமில் இருந்தவனில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விட்டான். "உங்க ரூம்ல இருந்தவனுக்கு இது சிரிப்பு. எனக்கு எதுக்குடா சிரிப்பு வரணும்?" என்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டை எடுத்து வேறு பட்டியல் போட்டேன். இந்தத் தடவை ஆட்கள் இல்லை. நாங்கள் எதற்காகவெல்லாம் சண்டை போட்டோமோ அந்தப் பொருள்கள்.

தண்ணீர் கேன். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் கட்டில். ஒரே ஒரு பிளக் பாயிண்ட். துணி காயப்போடும் கொடி. தேங்காய் எண்ணெய் பாட்டில். சோப்பு. கரண்ட் பில். காலி செய்து போனவனுடைய அட்வான்ஸ்.

ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு காட்சி தானாக வந்து நின்றது. கேனையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரூமில் ஒரு எழுதாத சட்டம் உண்டு: இருபது லிட்டர் கேனில் கடைசிச் சொட்டைக் குடிப்பவன்தான் கேன்காரருக்குப் போன் போட வேண்டும், முப்பது ரூபாய் கொடுக்க வேண்டும், கீழேயிருந்து தூக்கிக்கொண்டும் வர வேண்டும். அதனால் கேனின் அடியில் விரலளவு தண்ணீர் இரண்டு நாள் அப்படியே கிடக்கும். எல்லாருக்கும் தாகம். யாரும் தொடமாட்டார்கள். ஒருவன் நள்ளிரவில் எழுந்து கேனைச் சாய்த்து, அரை டம்ளர் குடித்து, ஒரு மடக்கை மட்டும் சாமர்த்தியமாக மிச்சம் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வான். முதல் எபிசோடு முழுக்க இதுதான். பத்து நிமிடமும் யாரும் கடைசிச் சொட்டைக் குடிப்பதில்லை. "அவன் கஞ்சன்" என்று நான் நாற்பது பக்கத்தில் சொல்ல முயன்றதை அந்த ஒரு மடக்குத் தண்ணீர் சொல்லிவிட்டது.

ரூம்மேட்களைப் பற்றி எழுத நினைப்பவர்கள் ஆளின் குணத்தில் தொடங்காமல், இரண்டு பேருக்கும் வேண்டிய ஒரே பொருளில் தொடங்கிப் பாருங்கள். குணம் அங்கே தானாக வெளியே வரும்.

பதினோரு பேரை நான்காக்கினேன். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேருக்கு மேல் கேமராவுக்குள் அடங்கமாட்டார்கள், சம்பளமும் கட்டுப்படியாகாது. ஒருவனுடைய குறட்டையை இன்னொருவனுடைய கணக்கு நோட்டோடு சேர்த்தேன். வேறொருவனுடைய ஊரை மூன்றாமவனுக்குக் கொடுத்தேன். இதில் இன்னொரு லாபமும் இருந்தது, நிஜ ஆட்களை அடையாளம் காண்பது கஷ்டம். வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவர் எச்சரித்திருந்தார்: பெயரை மாற்றிவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்காதே, தெரிந்தவர்கள் பார்த்து "இது அவன்தான்" என்று சொல்ல முடிந்தால் அவதூறு வழக்குக்கு அதுவே போதும் என்று. எனக்கு வழக்கைவிட, பொங்கலுக்கு வரும் போன்கால் நின்றுவிடுமோ என்றுதான் பயம்.

பதினோரு பேரில் எட்டுப் பேரைத்தான் பிடிக்க முடிந்தது. எட்டுப் பேருக்கும் ஸ்கிரிப்டை அனுப்பினேன். ஒருவன், "என் பேரையே வைடா, மாமனார் பாக்கட்டும்" என்றான். இன்னொருவன், பொண்ணு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆறு மாதம் பொறு என்றான். நாகர்கோவில்காரன் மட்டும் ஒரு கேள்வி அனுப்பினான்: "எல்லாம் சரி மக்கா, எங்க சோப்பெல்லாம் கரைஞ்சதுக்கு யாரு காரணம்னு கதையில வரவே இல்லியே?"

நான் எழுதியிருந்த கதையில் மூன்று பைத்தியங்கள் இருந்தார்கள், அவர்களை வேடிக்கை பார்க்கும் ஒரு மகாத்மாவும் இருந்தான். மகாத்மா நான். சோப்பு விஷயத்தைக் குரூப்பில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நாற்பது நிமிடத்தில் அறுபது மெசேஜ். ஏழு வருடத்தில் நான் சோப்பு வாங்கியதை யாருமே பார்த்ததில்லையாம். எல்லார் சோப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக, சந்தேகம் வராத அளவுக்கு. நான் வாங்கினேன் என்றுதான் இன்றைக்கும் நினைவு. ஆனால் எந்தக் கடையில் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மகாத்மாவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சோப்புத் திருடனை வைத்தேன். மறுபடியும் கேமரா நண்பனிடம் படித்தேன். முதல் பக்கத்திலேயே சிரித்தான்.

அந்த எட்டுப் பேரில் ஒருவன் மெசேஜ் அனுப்பவில்லை. போன் செய்தான்.

2017-ல் அவனுக்கு வேலை போயிற்று. எங்களிடம் சொல்லவில்லை. சைதாப்பேட்டை வீட்டிலிருந்து தினமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கழுத்தில் ஐ.டி. கார்டோடு கிளம்புவான். போனது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு. ஏ.சி. உண்டு, யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, லீவு நாளில் நான் அங்கே போனபோதுதான் தெரிந்தது. கார்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அதை எழுதியிருந்தேன். திருப்பிப் போட்ட கார்டு, "ஆபீஸ்ல செம வேலை" என்று இரவு அவன் விடும் கதை, நூலகத்துச் செக்யூரிட்டி அவனை ஊழியர் என்று நினைத்து வைக்கும் சலாம். எல்லா எபிசோடிலும் அதுதான் உருப்படியாக வந்திருந்தது.

"அது உங்களுக்குக் காமெடி. எனக்கு அந்த ரெண்டு மாசமும் வயித்துல நெருப்புடா" என்றான்.

நான் அவனோடு வாதாடினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஊரை மாற்றுகிறேன், வேலையை மாற்றுகிறேன், பெண்ணாகவே மாற்றிவிடுகிறேன் என்றெல்லாம் பேரம் பேசினேன். "நீ எதை வேணா மாத்து. எங்கம்மா பாத்தா கண்டுபிடிச்சிரும். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்றான். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அந்தப் பன்னிரண்டு பக்கங்களைத் தனி ஃபோல்டரில் போட்டேன். ஒரு வாரம் கழித்து அந்த ஃபோல்டரையும் அழித்தேன், வைத்திருந்தால் என்றைக்காவது கை அரிக்கும். அந்த இடத்தை நிரப்பக் கரண்ட் பில் எபிசோடு எழுதினோம். சுமார்தான். பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

சம்மதத்தை ஷூட்டிங்குக்கு முன்னால், ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். எடுத்து முடித்த பிறகு கேட்டால், போட்ட காசு நம்மைப் பேச வைக்கும். எடுக்காதபோதே நான் அவ்வளவு பேசினேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் எழுதியிருந்தேன். சைதாப்பேட்டை மாடியில் நாங்கள் மூன்று பாக்கெட் பிரெட்டையும் ஒரு போனில் மிச்சமிருந்த சார்ஜையும் வைத்து அடித்த கூத்து எங்களுக்குச் சிரிப்புதான். இரண்டு தெரு தள்ளி அடையாற்றங்கரையில் வீடே போய்விட்டது. இதை யாரும் தடுக்கவில்லை, எனக்கே கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

பேச்சு வழக்கு எனக்குப் பெரிய பாடம். எங்கள் ரூமில் நாகர்கோவில், கோயம்புத்தூர், மதுரை, மன்னார்குடி எல்லாம் உண்டு. நாகர்கோவில்காரனாக நடித்தவர் சென்னைப் பையன். நான் வசனத்தில் இரண்டு "மக்கா", மூன்று "லேய்" தூவிக் கொடுத்திருந்தேன். ஒத்திகை வீடியோவைப் பார்த்த நிஜ நாகர்கோவில்காரன், "இவன் எங்கூரு இல்ல, எங்கூருக்கு டூர் வந்தவன்" என்றான். அப்புறம் அவனையே தினமும் இரவு அரை மணி நேரம் அந்தப் பையனோடு போனில் பேச வைத்தோம். வசனம் சொல்லிக்கொடுக்க இல்லை, சும்மா ஊர்க்கதை பேச. மூன்று வாரத்தில் வார்த்தையைவிட ராகம் வந்துவிட்டது. கோவைக்காரனுக்கு வேறு பிரச்சினை. நிஜத்தில் அவன் சண்டையிலும் மரியாதையை விடமாட்டான்: "ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா இல்லீங்களா?" என்றுதான் கத்துவான். நடிகர் கோபம் வந்ததும் "ங்க"வை விட்டுவிட்டார். அந்த "ங்க" போனால் காட்சியில் பாதி போயிற்று. எட்டு டேக்.

வீடு தேடிய கதைக்குத் தனி சீரிஸே எடுக்கலாம். ஷூட்டிங் என்றால் வாடகையை மூன்று மடங்காகச் சொன்னார்கள், பேச்சிலர்கள் என்றால் வீடே இல்லை என்றார்கள். நாங்கள் இரண்டும். மேன்ஷனில் எடுக்க ஆசைதான், ஆனால் ஒவ்வொரு அறையிலும் ஒரு போன் பாடும், வராந்தாவில் யாராவது வாளியை வைப்பார்கள். கடைசியில் பல்லாவரத்தில் உறவுக்காரர் ஒருவருடைய மாடி போர்ஷன் காலியாக இருந்தது. ஒன்பது நாள் சும்மா கொடுத்தார். போய் இறங்கிய முதல் நாள் காலை, முதல் ஷாட், முதல் வசனம். தலைக்கு மேல் விமானம். பல்லாவரத்துக்குப் பக்கத்தில்தான் மீனம்பாக்கம் என்பது எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. வீடு பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள், காதால் பாருங்கள். அப்புறம் விமானங்களைக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டு, ஒரு தம்பியை மொட்டைமாடியில் நிறுத்தினோம். "ஏறுது!" என்று அவன் கத்தினால் எல்லாரும் உறைந்து நிற்க வேண்டும். ஒன்பது நாளில் அவன் கத்தல் பழகி, கீழ்வீட்டுத் தாத்தாவும் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சத்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லையென்றால் போய்விடுவார்கள், காமெடியில் உடனே போய்விடுவார்கள். ஆகவே காசு இருந்தால் முதலில் மைக்குக்குப் போடுங்கள். ஆனால் பேச்சிலர் ரூமில் மைக்கை எங்கே வைப்பது? காலர் மைக்குக்குக் காலர் வேண்டும். எங்கள் ஆட்கள் பாதி நேரம் பனியன், மீதி நேரம் அதுவும் இல்லை. பனியனுக்குள் ஒட்டினால் நெஞ்சுமுடி உரசுகிற சத்தம் மழை மாதிரி கேட்டது. இரண்டு நாள் தவித்த பிறகு, ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துண்டு போட்டு, மடிப்புக்குள் மைக்கை வைத்தோம். "துண்டு போட்டிருப்பது அருமையான கேரக்டர் டீட்டெய்ல்" என்று பின்னால் ஒருவர் பாராட்டினார். நன்றி சொல்லிக்கொண்டேன்.

துண்டும் இல்லாத காட்சிகளில் சவுண்ட் தம்பி பரண் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு மேலிருந்து மைக்கை நீட்டினான். மே மாதம். ஃபேன் ஓடினால் சத்தம் பதியும், அதனால் ஃபேன் கிடையாது. பரணில் அவன் வெந்தான், கீழே நடிகர்கள் நனைந்தார்கள். ஒரு ஷாட்டில் பனியன் ஈரம், அடுத்த ஷாட்டில் காய்ந்திருக்கும். ஆளுக்கு நான்கு ஒரே மாதிரி பனியன் வாங்கி, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்துச் சமாளித்தோம். ஃபிரிட்ஜையும் அணைக்க வேண்டும், அது நடுவில் உறுமும். அணைத்ததும் வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவிடுங்கள். ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போது சாவி தேடி அதைத் திறப்பீர்கள், மறுபடி ஆன் செய்ய ஞாபகம் வரும். நாங்கள் இதை மூன்றாம் நாளில்தான் கற்றோம். முதல் இரண்டு நாள் மாவு புளித்தது எங்கள் கணக்கில்.

டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தபோது படம் துடித்தது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் 50-ல் ஒரு பங்கு என்று வைத்ததும் நின்றது. இரண்டாவது கேமராவாகப் போனை வைத்திருந்தோம். போன் தன் இஷ்டத்துக்கு ஃபிரேம் வேகத்தை மாற்றும், அதனால் தனியாகப் பதிந்த ஒலியோடு நீண்ட ஷாட்களில் மெல்ல மெல்ல விலகும். வேகத்தைப் பூட்டும் வசதியுள்ள கேமரா ஆப்பில் எடுங்கள், இல்லையென்றால் ஷாட்டைச் சின்னதாக எடுங்கள். கிளாப் போர்டு இல்லையா, கையையாவது தட்டுங்கள், படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தச் சத்தம் வேண்டும்.

ஐந்து எபிசோடுக்கும் சேர்த்துச் செலவு ஒரு லட்சத்து அறுபதாயிரம். சாப்பாடுதான் அதில் நாங்கள் கணக்கே போடாமல் விட்டது. எடிட்டிங் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில், என் லேப்டாப் அழ அழ நடந்தது.

எடிட் முடிந்ததும் எங்களுக்கு அறிமுகமில்லாத ஐந்து பேரைக் கூட்டி உட்கார வைத்துப் போட்டுக் காட்டினோம். நாங்கள் திரையைப் பார்க்கவில்லை, அவர்கள் முகத்தைப் பார்த்தோம். யார் எப்போது போனை எடுக்கிறார்கள் என்று நேரம் குறித்தோம். ஆசை ஆசையாய்ச் செய்த ஐம்பது விநாடி டைட்டில் பாட்டில் ஐந்து பேரும் எடுத்தார்கள். ஆறு விநாடியாகச் சுருக்கினேன். பாட்டு எழுதியவன் நான்தான், அதனால் சண்டை வரவில்லை. சிரிப்பு வருமென்று நம்பிய வசனங்களில் பாதிக்கு வரவில்லை. வசனம் கேட்டவனுடைய முகத்தை இன்னும் ஒரு விநாடி வைத்தபோது சில இடங்களில் வந்தது.

வெளியிட்ட மறுநாளே இரண்டாவது எபிசோடுக்கு யூடியூபில் காப்பிரைட் க்ளெய்ம். நாங்கள் பாட்டே போடவில்லையே என்று குழம்பினோம். ஹெட்போன் போட்டுக் கேட்டால், பக்கத்து வீட்டு டிவியில் ஓடிய சினிமாப் பாட்டு பத்து விநாடி வசனத்துக்குப் பின்னால் மெல்லியதாக ஓடுகிறது. விளம்பர வருமானம் பாட்டுக்காரர்களுக்குப் போகுமாம். போகட்டும். நமக்கு அந்த வருமானம் வர 1000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். எங்களுக்கு அப்போது இருந்தது 212 பேர், அதில் முப்பது பேர் என் சொந்தக்காரர்கள்.

ரிலீஸ் அன்று இரவு பழைய ரூம் குரூப் விழித்துக்கொண்டது. "பாத்ரூம் மக் பச்சைடா, நீலம் இல்ல." "என் கட்டில் ஜன்னல் பக்கம்." "அந்த ரெண்டாயிரம் நோட்டு என்கிட்டல்ல இருந்துச்சு, இவன்கிட்ட எப்படி?" அடையாளம் தெரியக் கூடாது என்று நான் மாதக்கணக்கில் மாற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். என் பெயர் வெளியே வரக் கூடாது என்று சத்தியம் வாங்கியவன்தான் அதில் அதிகம் கத்தினான்.

நூலகத்துக்குப் போனவன் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்துத் தனியாக ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினான். பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. "ரெண்டாவது எபிசோடு பாத்தேன். நீ திருடுற சோப்பு சிந்தால்னு காட்டியிருக்க. அது ஹமாம்டா. என் சோப்பு எனக்குத் தெரியாதா?"